நீலம் பாரித்த கத்தி

திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில், கத்தி செய்வது என் பொழுதுபோக்கு. முதற்கத்தியைக் கையுறை போட்டுக்கொண்டு சாணை பிடித்தேன். அதன் வெட்டுவாய் மயில்கழுத்து நீலமானது. சாணைச் சூட்டில் இரும்பு வலுவிழந்த அடையாளம் அது என்று தெரியாமல், அழகென்று நினைத்து, மீன் விற்கும் சிநேகிதன் காசிமுக்குக் கொடுத்தேன்.

சந்தையில் ஆட்கள் பார்த்திருக்க அவன் விளைமீனை வெட்டினான். முதல் வெட்டிலேயே வாய் மடங்கியது.

"கத்தி மீனுக்கு ஸலாம் சொல்லுது," என்று ஒருவர் சிரித்தார். நான் தலைகுனிந்தேன்.

காசிம் கத்தியைத் திருப்பி, முதுகால் செதில் சுரண்டினான். "இது செதில் எடுக்கவெண்டு நான் சொல்லிச் செய்விச்சது," என்றான் சத்தமாக. பிறகு என் காதில், "கையுறையைக் கழட்டிப்போட்டுச் சாணை பிடி மச்சான். விரலுக்கு ஏலாத சூடு இரும்புக்கும் ஏலாது."

இன்றும் வெறுங்கையால், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத்தான் பிடிக்கிறேன். பிறகு நல்ல கத்திகள் கொடுத்தும், அவன் கடைசிவரை செதில் எடுத்தது அந்த நீலக் கத்தியால்தான்.