சிரட்டையைக் கவிழ்த்தது யார்?

கடைசி ஸ்க்ரூவை வெறியோடு முறுக்கினான் பீலிக்ஸ். நாலு மணிக்கு விமானம் எழும்ப வேண்டும். வலப்பக்க இறக்கையைத் தாங்கும் கம்பத்தின் அடிமுனையைப் போர்த்துகிற மூடி, அந்தப் புது ஃபெயாரிங்... இரண்டு தடவை பூட்டியும் கழன்று விழுந்துவிட்டது. இது மூன்றாவது!

நடந்ததைத்தான் சொல்கிறேன். சந்தேகமிருந்தால் மட்டக்களப்புக்குப் போய் அந்த மெக்கானிக்கையே கேளுங்கள். பதில் சொல்லமாட்டான், அடிக்க வருவான்.

போர் முடிந்த மறுவருடம். வாவியை மேலிருந்து சுற்றிக் காட்ட முதலாளி அருமைநாயகம் கொண்டுவந்த குட்டி விமானம் அது. முதல் சுற்றிலேயே பீலிக்ஸின் மகள் சாஷாவுக்கும் ஓர் இடம்.

தண்ணீர் குடிக்கத் திரும்பினான்.

டிங்...

சிமெந்துத் தரையில் ஸ்க்ரூ விழும் சத்தம். டிங்... டிங்...

ஃபெயாரிங் கீழே கிடந்தது. பக்கத்தில், ஸ்க்ரூ போட்டு வைக்கும் தேங்காய்ச் சிரட்டை... கவிழ்ந்து!

"டேய் முனாப்! ஆர்ரா இதைக் கவுத்தது?"

வாலுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த முனாப் எட்டிப் பார்த்தான். "அல்லாட காவல், நான் இஞ்சதானே நிக்கன் அண்ணன்!"

"என்னோட பகிடி விடாத. மண்டையப் பிளந்துடுவன்!"

கோபம் வராதா? சிரட்டை கவிழ்ந்திருந்தால், 'வேலை முடியவில்லை, மூடாதே' என்று அர்த்தம். அது தம்பி ரொபினின் பழக்கம். அண்ணன் தம்பி இருவருக்கு மட்டுமே தெரிந்த அடையாளம். தெற்கே வேலைக்குப் போன ரொபினைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடத்துக்கு மேல். உடல்கூடக் கிடைக்கவில்லை.

சிரட்டையை எட்டி உதைத்தான்.

அடியில் ஈரம்.

கடல் மணல்.

மணலில் விரல் இழுத்த கோடு... கம்பத்தின் முனையை நோக்கி.

டோர்ச்சை அடித்தான். போல்ட்டைச் சுற்றி உப்புத் துரு. அதற்குள்... மயிரிழை வெடிப்பு.

சாஷா!

"மூடும் ஐசே, ஆக்கள் வந்துட்டாங்க!" அருமைநாயகம் கத்தினார்.

"மூடமாட்டன்! இது கடல்ல கிடந்த பிளேன். எங்க வாங்கின?"

"வெளிநாட்டில எண்டு சொன்னேனே..."

"பொய்! உன்ட பிள்ளைய ஏத்துவியாடா இதில?" பீலிக்ஸ் முதலாளியின் சட்டைக் கொலரைப் பிடித்தே விட்டான்.

விமானம் எழும்பவில்லை.

அடுத்த வாரம் இறக்கையைக் கழற்றினார்கள். உள்ளே காய்ந்த சேறு. சேற்றுக்குள் ஒரு ஸ்க்ரூட்ரைவர். மரப்பிடியில் 'ரொ' என்று சூட்டுக்கம்பியால் எழுதியிருந்தது.

எழுதிக் கொடுத்தவன் பீலிக்ஸ்தான்.

அப்போதுதான் அருமைநாயகம் வாயைத் திறந்தார்.

"தெற்கில மலிவா வந்தது... சுனாமி அண்டைக்கு இதுக்குக் கீழ ஒருத்தன் வேலை செய்துகொண்டிருந்தானாம். ஃபெயாரிங் மாத்தினவனாம்... வலப்பக்கம்."