கதவு சாத்தின பிறகுதான் கணக்கு

கோதண்டம் இறந்துபோன செய்தி ஒரு தபால் கார்டில் வந்தது. பண்ருட்டியிலிருந்து அவருடைய மைத்துனர் எழுதியிருந்தார். மஞ்சள் காமாலை, ஒன்பது நாள் படுக்கை, முடிந்தது. கார்டு நான் முன்பிருந்த குவார்ட்டர்ஸுக்குப் போய், இரண்டு பிளாக் சுற்றி, என் கைக்கு வந்தபோது கருமாதியும் ஆகிவிட்டிருந்தது. தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் போலிருக்கிறது. "வேண்டியவங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பண்ருட்டி கூப்பிடு தூரம். அவர் இங்கிருந்து போன ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்காதவன்தான் ஆமாம் என்று சொன்னேன்.

நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதித் தருகிறேன். ஒர்க் ஷாப்பில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நம் பிளாக்கில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். 'ரேஸ் என்ஜினைப் பாழாக்கின கோதண்டம்' என்றுதான் அவரை இன்றைக்கும் பேசுகிறீர்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவருக்கு ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். லாரி ஷெட்டில் தொழில் பழகி, நம்மிடம் கான்ட்ராக்ட் ஃபிட்டராக வந்தார். நான் டிப்ளமா படித்து, திருநெல்வேலியிலிருந்து பர்மனென்ட் வேலைக்கு வந்தவன். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் ஊர்ப் பழக்கத்தில் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டேன். "என்னை எதுக்கு சார் மளிகைக் கடையில குந்த வெக்கிறீங்க" என்பார். இந்த ஊரில் என்னைக் கேலி செய்ய இருந்த ஒரே ஆள் அவர்தான்.

இங்கிருந்த இளம் என்ஜினியர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, மெட்ராஸ் பக்கத்து ரேஸில் ஓட்ட ஆசைப்பட்டார். அதன் என்ஜினை வேகத்துக்குத் தயார் செய்யும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. "நல்லபடியாக ஓடினால் கோதண்டத்தின் பர்மனென்ட்டுக்கு நானே சிபாரிசு எழுதுகிறேன்" என்று அவர் சொன்னார். எனக்கு அது பொழுதுபோக்கு. கோதண்டத்துக்கு அது வாழ்க்கை.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை அவர் கையாலேயே தேய்த்து மாற்றினார். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்திருக்கும்படி செய்தார். அது எந்த இடத்தில் மூடுகிறது என்று அளக்க டிகிரி போட்ட தட்டு ஒன்று தேவைப்பட்டது. தன்னுடைய அலுமினியச் சாப்பாட்டுத் தட்டையே ஓரம் வெட்டி, முந்நூற்று அறுபது கோடு கீறி, என்ஜினில் மாட்டிவிட்டார். அதற்கப்புறம் மெஸ்ஸில் இலை போட்டுத்தான் சாப்பிட்டார்.

சிலிண்டரில் காற்று எத்தனை பங்கு அமுங்கும் என்று புத்தகத்தில் இருந்தபடி, பிஸ்டன் அடியிலிருந்து மேலே வரும் முழுத் தூரத்துக்கும் கணக்குப் போட்டு அவரிடம் நீட்டினேன். பார்த்துச் சிரித்தார். "பிஸ்டன் ஏறிகினு இருக்கும்போது வால்வு இன்னும் தொறந்துகினு இருக்குதுங்க. வந்த காத்து வந்த வழியாவே ஓடிப்பூடும். வூட்டுக் கதவு சாத்தின பொறவுதான் உள்ள எத்தினி பேருன்னு எண்ணணும். கதவு சாத்தின பொறவுதான் சார் கணக்கு." பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவர் சொன்னது இது. அப்புறம் வால்வு மூடுகிற டிகிரியிலிருந்து புதிதாகக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன்.

எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு மதிய ஷிஃப்ட். என்ஜினியரின் குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த ஷெட்டில் முற்பகலில் அவர் வேலை செய்வார், சாயங்காலம் நான் செய்வேன். ஷிஃப்ட் மாறும் நேரத்து ஒரு டீதான் எங்கள் சந்திப்பு. மற்றதெல்லாம் ஒரு நோட்டில் நடந்தது. ஒர்க் ஷாப் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அளவு எடுத்தவர் எழுதி வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் தானும் அளந்து, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகு அந்த அளவு அவர் பொறுப்பு. நான் பேனாவில் எழுதுவேன், அவர் பென்சிலில் போடுவார்.

ரேஸுக்கு நாலு நாள் முன்பு திருவதிகையில் உறவுக் கல்யாணம் என்று அவர் போனார். வால்வு மூடும் கடைசி அளவை நான் தனியாக எடுத்தேன். வால்வுக்கும் அதைத் தள்ளும் கம்பிக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும்; 'கேப்' என்போம். இடைவெளி இருந்தால் அளவு துல்லியமாக வராது என்று நினைத்து அதை இறுக்கிவிட்டு அளந்து, பிறகு பழையபடி தளர்த்தினேன். படித்தவன் புத்தி. எழுபத்திரண்டு டிகிரி என்று காட்டியது, எழுதி வைத்தேன். கதவு அவ்வளவு தாமதமாக மூடினால் உள்ளே காற்று குறைவாகத்தான் நிற்கும், சிலிண்டரின் மூடியான ஹெட்டை இன்னும் கொஞ்சம் சீவி உள்ளே இடத்தைக் குறைக்கலாம் என்று கணக்கும் போட்டேன். அவர் திரும்பி வந்தபோது என்ஜினியர் அவசரப்படுத்தினார். கோதண்டம் என் எண்ணை நம்பி ஹெட்டைச் சீவிப் பூட்டினார். 'பார்த்தேன்' போடவில்லை. அவர் போடாமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

ரேஸில் மூன்றாவது சுற்றில் என்ஜின் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் போட்டு நின்றது. பிஸ்டனில் ஓட்டை. கோதண்டம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேப் வெச்சிகினு பாத்தீங்களா சார்?"

"இல்லை அண்ணாச்சி. இறுக்கிவிட்டுப் பார்த்தேன்."

அவர் நோட்டைப் பிரித்து அந்த எண்ணைப் பார்த்தார். ஓடும்போது இடைவெளி இருப்பதால் வால்வு எழுபத்திரண்டுக்கு முன்னாலேயே மூடியிருக்கிறது, உள்ளே நாங்கள் எண்ணாத காற்று அடைபட்டிருக்கிறது, நம் பெட்ரோல் அதைத் தாங்காது. எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பிறகு, "பேனாவைக் கொஞ்சம் குடுங்க சார்" என்றார். கொடுத்தேன்.

என்ஜினியர் வந்து, "யார் கடைசியாகப் பார்த்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்று கோதண்டம் நோட்டை நீட்டினார். என்னுடைய எழுபத்திரண்டுக்குக் கீழே 'பார்த்தேன். கோ.' என்று என் பேனா மையில் இருந்தது. மை காயாததால் எதிர்ப் பக்கத்திலும் அப்பியிருந்தது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எனக்கு ஒரு வசவு விழுந்திருக்கும், அவ்வளவுதான். வேலை போயிருக்காது.

சிபாரிசு வரவில்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் அவர் பண்ருட்டி லாரி ஷெட்டுக்குப் போனார். போகும் அன்றைக்கு டீக்கடையில், "உங்களுக்கு இந்த ஊர்ல யாரு இருக்காங்க சார், பேரு கெட்டா தாங்க மாட்டீங்க" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அதற்கப்புறம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்தக் கடைக்கு நான் போவதில்லை. குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், நான். பண்ருட்டி பஸ் தினமும் வாசலோடு போகிறது.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், கதவு சாத்தின பிறகுதான் கணக்கு என்ற அந்தச் சொல்லும்தான். கார்டு வந்த அன்றைக்கு நோட்டை எடுத்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் இருந்தது. 'இந்த அளவு என்னுடையது. தவறு' என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு வரி காலியாக இருக்கிறது. அதில் 'பார்த்தேன்' என்று போட அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் இல்லை.