படத்தில் தெரிந்த வெள்ளை

குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகும் வழியில் ஜீப் சரிந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பிக்க, என் வலது கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு இல்லாமலே போனது. தகடு வைத்துக் கட்டி ஆறு மாதமாகியும் அந்த இடைவெளி மூடவில்லை.

மதுரை டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எலும்பில் இருக்கும் அதே சுண்ணாம்புச் சத்தால் செய்த, துளைத்துளையான சிறு மணிகளை இடைவெளியில் நிரப்புவார்களாம். கூடவே என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, எலும்பை வளர்க்கும் செல்களை அதிலிருந்து திரட்டி, மணிகளோடு கலந்து வைப்பார்களாம்.

"மணிய மட்டும் வச்சாப் பத்தாதா டாக்டர்?" என்றார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். ஏலக்காயை டப்பாவில் பார்த்தால்தான் அவருக்கு அடையாளம் தெரியும்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "குழிய வெட்டி எருவக் கொட்டிட்டா ஏலம் தானா வந்துருமா? தட்டை வைக்க வேணாமா?"

தட்டை என்றால் என்ன என்று டாக்டர் கேட்டார். தாய்த்தூரிலிருந்து வேரோடு பிரித்து நடும் கன்று என்றேன். சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதேதாம்மா. உங்க இடுப்புதான் தாய்த்தூர். ஆனா பிடிக்கணும். பிடிக்கலேன்னா மலை ஏறுறத மறந்துர வேண்டியதுதான்."

இருபது வருடமாக நான் ஏறி இறங்கும் சரிவு அது.

அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் எங்கள் ஊர் போடியிலேயே எக்ஸ்ரே எடுத்தோம். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இடைவெளி முழுக்கப் பளிச்சென்று வெள்ளை. பிடித்துவிட்டது! எங்கள் மலையில் புதுத் தட்டை காற்றில் ஆடாமலிருக்கக் குச்சி ஊன்றிக் கட்டுவோம். குருத்து தலைகாட்டினால் அவிழ்த்துவிடுவோம். அதே கணக்கில், கால் அசையாமலிருக்க டாக்டர் போட்டிருந்த பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடுப்படிக்கு நடந்துபோய்க் காப்பி போட்டேன். மறுநாள் தெருமுனை வரை போய்ப் பூ வாங்கினேன். நாலாம் நாள் கால் வீங்கிவிட்டது.

மதுரையில் டாக்டர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒன்று நான் கொண்டுபோனது, மற்றது அறுவைக்கு மறுநாள் எடுத்தது. இரண்டிலும் அதே வெள்ளை.

"இது நான் வச்ச மணிம்மா. மொத நாள்லயிருந்தே வெள்ளையாத்தான் தெரியும். உங்க எலும்பு இன்னும் வரவே இல்ல. பழையபடி பெல்ட்டு, கால ஊனக் கூடாது. உள்ள மணி அசைஞ்சிருந்தா என்னாகும்னு இப்பச் சொல்ல முடியாது."

ரயிலில் ஆண்டிபட்டி தாண்டும்வரை அழுதேன். நட்டதை ஆட்டிப் பார்க்காதீர்கள் என்று வேலைக்கு வரும் பெண்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான்தான். வீட்டுக்காரர் ஒரு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். "தின்னு புள்ள. இத நடந்துபோய் வாங்க வேண்டியதில்ல." அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

மூன்று மாதம் கால் தரையில் படவில்லை. தோட்டத்துச் சோலி முழுக்க வாத்தியார் தலையில். அடுத்த படத்தை டாக்டர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மணியோட ஓரமெல்லாம் எலும்போட கலந்துபோச்சு. எது நான் வச்சது, எது உங்க எலும்புன்னு எனக்கே தெரியல" என்றார். அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்காதது ஒன்றுதான் பாக்கி.

போன மாதம் கைத்தடியோடு சரிவில் ஏறினேன். செடி செத்த இடங்களிலெல்லாம் வாத்தியார் புதுத் தட்டை வைத்திருந்தார். ஒன்றில் விரல் நீளத்துக்குக் குருத்து. பெருமை பொங்கக் குனிந்து, குச்சியில் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் போனார்.

"அவுக்காதீங்க!" என்று கத்தினேன்.

"குருத்து வந்துருச்சே. நீதான சொல்லுவ?"

"மேல தெரியுறது தெரியட்டும். வேரு பிடிச்சிருச்சான்னு யாரு பாத்தா? இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு இன்னொரு முடிச்சும் போட்டார்.