பாடாத பெட்டியும் ஸ்ரோர் அக்காவும்

இரண்டு வருடம் நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன் என்றுதான் பருத்தித்துறை பஸ்ஸில் என்னோடு வந்தவர்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் நான் பாட்டுக் கேட்டது பதினேழு நாள். பாடியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு நீலப் பெட்டி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கடையில், கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தவற்றில் ஆக மலிவானது எது என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரரே பாட்டுகளை ஏற்றித் தந்தார். அதன் சின்னத் திரைக்குத் தமிழ் தெரியாது. எந்தப் பாட்டைப் போட்டாலும் பெயர் வரவேண்டிய இடத்தில் நாலைந்து சதுரக் கட்டங்கள்தான் வரும். காதல் பாட்டும் கட்டம், முருகன் பாட்டும் கட்டம். அடுத்து என்ன பாடும் என்று தெரியாமல் இருந்தது ஒரு சுவாரசியம் என்று இப்போது சொல்லலாம். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பாட்டில் எனக்குப் பெரிய பைத்தியம் ஒன்றும் கிடையாது. ஒருவருடைய கதையைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். அதை நேராகச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் மிச்சத்தை எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் எங்கள் அலுவலகத்தில் பொருட்கள் வைக்கும் களஞ்சிய அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். ஸ்ரோர் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்யவில்லை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தம்பிமார் இரண்டு பேரும் கனடாவில். கரவெட்டியில் ஒரு பெரிய கல்வீட்டில் தனியே இருந்தார். நான் பருத்தித்துறையில் ஏறி வலப்பக்கத்து மூன்று பேர் சீற்றில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தால், நெல்லியடியில் அவர் ஏறி நேராக என் பக்கத்தில் வந்து இருப்பார். இருந்த கையோடு கதை தொடங்கிவிடும்.

அவருடைய கதையில் பொல்லாப்புக் கிடையாது. முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு பிடித்தது, பூனை நாலு குட்டி போட்டுவிட்டு ஐந்தாவதற்கு அடுப்படியைத் தேடியது, கனடாத் தம்பியின் மகளுக்குத் தமிழ் வராமல் தன்னை 'ஆன்டி' என்று கூப்பிடுவது. வல்லை வெளியில் மட்டும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அங்கே அடிக்கிற காற்றில் வாயைத் திறக்க முடியாது. ஆனால் அந்த வருடம் எனக்குப் பேசிய கல்யாணம் ஒன்று கடைசி நேரத்தில் குழம்பிப்போயிருந்தது. அதைப் பற்றி வீட்டிலேயே யாரோடும் கதைக்காமல் இருந்த எனக்கு, ஸ்ரோர் அக்கா காலையில் ஏறி இருந்ததும், "பிள்ளை, அந்தப் பொடியன் வீட்டுக்காரர் பிறகும் ஏதும் சொன்னவையோ?" என்று கேட்பது பொறுக்கவில்லை. வேறு பொடியன்களின் பெயர்களும் வரத் தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பெட்டியை வாங்கினேன். திங்கட்கிழமை அவர் ஏறியபோது என் இரண்டு காதிலும் வயர் இருந்தது. என்னைப் பார்த்தார், சிரித்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

பதினேழாம் நாள் பெட்டி செத்துவிட்டது. இரவு முழுக்க சார்ஜில் போட்டும் கண் விழிக்கவில்லை. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் திறக்கிறதைவிடப் புதுசு எடுக்கலாம் தங்கச்சி" என்றார். புதிது எடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதற்கு முதல் நாளே, பெட்டி செத்திருந்தும் பழக்கத்தில் வயரைக் காதில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. ஸ்ரோர் அக்கா வழக்கம்போலச் சிரித்தார், பேசாமல் இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது வயர்தான், பாட்டு இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆகவே செத்த பெட்டியைப் பைக்குள் வைத்து, வயரை மட்டும் காதில் கொளுவிக்கொண்டு மாதக்கணக்காகப் போய் வந்தேன். காது நன்றாகவே கேட்டது. மனிதர்கள் பாட்டுக் கேட்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னென்ன கதைப்பார்கள் என்று ஒரு புத்தகமே எழுதலாம்.

புத்தூரில் ஒரு ரீச்சர் ஏறுவார். அவருக்கு சீற்றின் மூன்றாவது இடத்தை ஸ்ரோர் அக்கா பையை வைத்துப் பிடித்து வைத்திருப்பார். எனக்குச் சொல்லாத கதையெல்லாம் இப்போது ரீச்சருக்குப் போனது. நடுவில் அவர், அந்தப் பக்கம் ரீச்சர், இந்தப் பக்கம் நான். ஒருநாள் நீர்வேலி வாழைத்தோட்டங்கள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய குரல் கொஞ்சம் மாறியது. தாழ்ந்துவிடவில்லை. மாறாக, வழக்கத்தைவிடத் தெளிவாகத்தான் இருந்தது.

"நெஞ்சிலை ஒரு கட்டி ரீச்சர். ரெஸ்ற் எடுத்துப் பார்த்தவை. கெதியா வெட்டி எடுக்கவேணுமாம். வாற செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கினம்."

ரீச்சர் ஐயோ என்றார். பிறகு, "ஆர் கூட வருகினம்?" என்று கேட்டார்.

"அதுதான் யோசினை. ஆள் ஒண்டு கூட நிண்டால் நல்லதெண்டவை. எனக்கு ஆர் இருக்கினம்?"

"நான் வந்திருப்பன். இவரைத் தூக்கி இருத்த வீட்டிலை வேறை ஆளில்லையே" என்றார் ரீச்சர். அவருடைய கணவர் பாரிசவாதத்தில் படுத்திருந்தது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

"உந்தப் பிள்ளையைக் கேப்பமோ எண்டு பாத்தனான்" என்றார் ஸ்ரோர் அக்கா. "ஒரே ஒப்பிஸ், லீவு எடுக்கலாம். ஆனால் உவ பாட்டுக் கேக்கிறா. ஏன் குழப்புவான்."

"தட்டிக் கேளுங்கோவன்."

"பிறகு பாப்பம்."

நான் அப்போது ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருடத்தில் இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. நான் தலையை மெல்ல ஆட்டினேன். தாளத்துக்கு ஆட்டுவதுபோல. காதில் நல்லதொரு பாட்டுப் போகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று காட்டுவதற்காக, வெளியே வாழைகளைப் பார்த்துக்கொண்டு விரலால் மடியில் தாளமும் போட்டேன்.

அன்று முழுவதும் களஞ்சிய அறைப் பக்கம் போகாமல் இருந்தேன். எனக்குள் நியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போய், "அக்கா, நான் வாறன்" என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார். இத்தனை நாளும் செத்த பெட்டியை வைத்துக்கொண்டு நடித்தது வெளியே வரும். அவர் கேட்டால் நிச்சயம் போகலாம், கேட்காமல் எப்படிப் போவது. இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய நியாயங்கள். உள்ளே இருந்தது வேறு. ஒருநாள் கூடப் போய் நின்றால் பிறகு எல்லாவற்றுக்கும் நான்தான் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அவருக்கு வேறு ஆளில்லை என்பதுதான் என்னைப் பின்னுக்கு இழுத்தது. ஆளில்லாதவருக்கு உதவுவது சுகமில்லை, ஒருமுறை கை கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இருபத்தாறு வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நெல்லியடியில் அவர் வழக்கம்போல ஏறினார். எனக்குப் பெரிய ஆறுதல். நோய் அவ்வளவு பாரதூரமில்லை போலும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஆனால் இரண்டு கிழமை கழித்து மறுபடியும் ரீச்சருக்குச் சொன்னார்: போகவில்லை, வேறு திகதி தந்திருக்கிறார்கள், ஆளில்லாமல் போய்ப் படுக்க மனம் வரவில்லை. மூன்றாவது தடவையும் அதே சீற்றில், கோப்பாய்க்குக் கிட்ட, அதே கதை. மூன்று தடவையும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதையில் எந்த மதகுக்குப் பிறகு எந்த மரம் நிற்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவர் வரவில்லை. வவுனியாவிலிருந்து தூரத்து உறவில் ஒரு மச்சாள் வந்து பார்த்துவிட்டு, பேசி, இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக அலுவலகத்தில் கதைத்தார்கள். சத்திரசிகிச்சை நடந்தது. எல்லோருமாக மத்தியானம் போய்ப் பார்த்தோம். கட்டிலைச் சுற்றி ஏழு பேர் நின்றதால் எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. அவர் வேலைக்குத் திரும்பவில்லை, முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டார். எனக்குப் பருத்தித்துறைக்கு மாற்றம் கிடைத்தது. பிறகு கல்யாணம், வயிற்றில் பிள்ளை. போய்ப் பார்க்கவேண்டும், போய்ப் பார்க்கவேண்டும் என்று அடுத்த வருடமும் முடியப் போனது.

இப்போது பஸ்ஸில் ஏறினால் காதில் ஒன்றும் இல்லாத ஆள் அபூர்வம். வயர் கூட இல்லை, ஒரு சின்னக் குமிழ், அவ்வளவுதான். அவரவர் கைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது, பெயர்களும் அழகான தமிழில் வருகின்றன. அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே கேட்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. யாராவது தலையை ஆட்டினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கரவெட்டிக்குப் போனேன். அப்பிளும் ஒரு பால்மா டின்னும் கையில். ஸ்ரோர் அக்கா பாதியாக வற்றியிருந்தார், தலையில் ஒரு துணி கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் பழைய சிரிப்பு. தானே எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவர் முருங்கையைப் பற்றியும் பூனையைப் பற்றியும் சொல்ல, இந்தத் தடவை ஒன்று விடாமல் கேட்டேன். பிறகு எப்படித்தான் வாய் வந்ததோ, "அக்கா, அந்தப் பாட்டுப் பெட்டி..." என்று தொடங்கினேன்.

"பழுதாப் போனது தானே. எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பிடியக்கா?" என்றேன்.

"அது பாடேக்கை உம்மடை காதிலை இருந்து 'இஸ் இஸ்' எண்டு எனக்கும் கேக்கும் பிள்ளை. மலிவுச் சாமான் தானே, பாதிச் சத்தம் வெளியாலைதான். பிறகு ஒரு நாளிலை இருந்து கேக்கேல்லை. நான் பக்கத்திலை இருந்தனான், எனக்குத் தெரியாதே?" என்று சிரித்தார். கோபம் ஒரு துளியும் இல்லை. "ரீச்சருக்கு அந்தக் கதை ஒருக்காச் சொன்னால் காணும். மூண்டு தரம் ஏன் சொன்னனான் எண்டு நினைக்கிறீர்?"

தேத்தண்ணியை நிலத்தில் வைத்துவிட்டேன். "ஏனக்கா நேரா என்னைக் கேக்கேல்லை?" என்றேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"கேட்டால் நீர் மாட்டன் எண்டு சொல்லவேண்டி வந்திருக்கும். பிறகு எப்பிடி ரெண்டு பேரும் ஒரே சீற்றிலை இருந்து போறது?"

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பஞ்சுபோல இருந்தது. "அடுத்த கிளினிக் எப்பவக்கா? நான் வாறன். எந்த நாளெண்டாலும் லீவு போட்டுட்டு வாறன்" என்றேன்.

"இனிக் கிளினிக் இல்லைப் பிள்ளை. வரத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

"அப்ப நல்லதுதானே அக்கா!" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். நான் செய்த பிழைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, அவர் சுகமாகிவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஓம் பிள்ளை, நல்லதுதான்" என்றார். அப்பிள் ஒன்றை எடுத்து வெட்டி எனக்கே தந்தார்.

நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அவர் சொன்னது சுகமானதை இல்லை, டொக்டர்மார் கைவிட்டதை என்று எனக்கு விளங்கியது. அவருடைய வீடு பத்து நிமிட நடை. திரும்பிப் போய் வாசலில் நின்றாவது அழுதிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.