உப்புப் போட்ட புளி

எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. லாரிகள் சரியாக ஓடவில்லை, ராணுவக் கிடங்கிலேயே புளிக்குத் தட்டுப்பாடு என்று, அங்கே சரக்கு வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட் எங்கள் மகளிர் குழுவைத் தேடி வந்தார். அரூர் பக்கத்தில் புளி தட்டிக் கொட்டை எடுப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். அடக்கம் எனக்கு வராது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, கேட்ட நாளுக்கு முன்பே எட்டு மூட்டை கொடுத்தோம்.

அத்தனையும் திரும்பி வந்தது. உப்பு கலந்திருக்கிறதாம். பின்னே? கல்லுப்பைத் தூவித் தூவி அழுத்தாமல் யாராவது புளியை அடைப்பார்களா? வண்டு விழாதா? ராணுவத்துக்கு உப்பில்லாமல் வேண்டும் என்று ஏஜென்ட் கையிலிருந்த காகிதத்தில் இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"பொம்பளைங்கள நம்பினேன் பாருங்க," என்றார். எனக்கு உச்சி வரை எரிந்தது.

"மூணு நாள் குடுங்க. உப்பில்லாம தர்றோம்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். மரங்களில் புளி தீர்ந்திருந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். வருஷச் செலவுக்கு ஓட்டோடு வைத்திருந்ததை ஊரே கொண்டுவந்து கொட்டியது. பதிலுக்கு உப்புப் புளியை அளந்து கொடுத்தோம். ஓடு உடைத்துக் கொட்டை எடுத்ததில் விரல் நுனியெல்லாம் வெந்துபோயிற்று.

மூன்றாம் நாள் லாரி வந்தது. ஏஜென்ட் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பாதி மூட்டைகள் லாரியில் ஏறியதும் ஒரு காகிதத்தை நீட்டினார். முதலில் அனுப்பியது கெட்டுப்போன சரக்கு என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் அதற்கப்புறம் எங்களிடம் யார் வாங்குவார்கள்?

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க. அங்க சண்டை நடக்குது, இங்க லாரி நிக்குது."

மிச்ச மூட்டைகள்மேல் போய் உட்கார்ந்தேன். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"நிக்கட்டுங்க. எங்க புளி கெட்டதில்ல. உப்பு வேணாம்னு நீங்க சொல்லல, அத எழுதுங்க."

அங்கே சிப்பாய்கள் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்களே என்று உறுத்தாமல் இல்லை. ஆனாலும் எழவில்லை.

அவர் மணியைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு, சொல்லத் தவறியது தான்தான் என்று எழுதினார்.

"சத்தமா படிங்க," என்றேன்.

படித்தார். அப்புறம்தான் மூட்டையை விட்டு எழுந்தோம்.