காலி டப்பாவின் சாட்சியம்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்த அம்மாளுக்கு ஊரில் வழங்கும் பெயர் ஹாரன் அக்கா. வேலையில் சேர்ந்த முதல் வாரமே பேருந்தின் ஹாரன் பழுதாயிற்று. அது சீராகும் வரையில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குரல் கொடுத்தே வண்டியை ஓட்டினார். சீரான பிறகும் குரல் ஓயவில்லை. "அண்ணே, தூங்கணும்னா வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்று அவர் கூவினால் எப்பேர்ப்பட்ட லாரியும் ஒதுங்கும்.

அதற்கு முன்பு அவர் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். நாள் முழுவதும் நின்று கால்கள் வீங்கியதால் உட்கார்ந்து செய்யும் வேலையைத் தேடினார். உட்கார்ந்தபடியே ஊரையும் சுற்றலாம் என்று தோன்றியபோது கனரக வாகன உரிமம் எடுக்கத் தீர்மானித்தார். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர் கணவர். கடைத்தெருவில் டயர்க்கடை வைத்திருப்பவர். அந்தப் பயிற்சிக் காலத்தில் தாங்கள் பேசிக்கொண்டதைவிடப் பேசாமல் இருந்த நாட்களே மிகுதி என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

டயர்க்கடைக்காரர் எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். தம் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார். காய்ச்சல் கொதிக்கும்போதும் "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்பார். அவருடைய அண்ணனும் அப்படித்தான் இருந்தார். அண்ணனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. அதனால்தான், ஐம்பது வயதைக் கடந்த அனைவருக்கும் அரசு தபாலில் அனுப்பிய பரிசோதனை டப்பா வீட்டுக்கு வந்த அன்றே, அக்கா அதைக் கணவர் கையில் கொடுத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அது. மூடியில் பொருத்திய குச்சியால் சிறிது எடுத்து, குழாயில் இட்டு மூடி, ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பினால் போதும்.

"நாளைக்குக் காலையில முடிச்சிடுங்க."

கணவர் விளக்கத்தாளைப் படித்தார். முகம் மெல்ல மாறியது. "இதைத் தபால்ல வேற அனுப்பணுமா? தபால்காரர் என்ன பாவம் பண்ணினார்?"

"உங்க அண்ணனுக்கு இந்த டப்பா வந்திருந்தா..." என்று தொடங்கிய அக்கா அத்துடன் நிறுத்திக்கொண்டார். கணவரும் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சில நாட்களில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அடுத்த மாதம் அவர் கைப்பேசிக்குச் செய்தி வந்தது: "தங்கள் மாதிரி பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் காணப்படவில்லை." கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். எதிர்வரிசையில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் நண்பர், "பெரிய பரீட்சைதான் பாஸ் பண்ணியிருக்கீங்க" என்றார். மகிழ்ச்சி தாளாமல் அக்கா கணவருக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்.

சட்டை இருமுறை சலவை கண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பீரோவின் மேற்புறத்தைத் துடைத்தபோது அங்கிருந்த பழைய ஹெல்மெட்டுக்குள் ஏதோ உருண்டது. உள்ளே டப்பா இருந்தது. ஒட்டிய முத்திரைகூடப் பிரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரின் தட்டருகே அதைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது என்னங்க?"

அவர் டப்பாவைப் பார்த்தார்; பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "அது எக்ஸ்ட்ராவா ஒண்ணு வந்துச்சு."

"உங்க பேரு ஒட்டியா?"

"சரி, விடு. அனுப்பலை. அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

சொன்ன சொல் அவர் காதிலேயே விழுந்தது. வாய்க்குச் சென்ற கை பாதியில் நின்றது.

"அனுப்பாததை எப்படிங்க சோதிச்சாங்க?" என்றார் அக்கா. "நீங்க பொய் சொல்றது எனக்குப் புதுசில்லை. கவர்மென்ட்டும் உங்களோட கூட்டுச் சேர்ந்ததுதான் புதுசு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா டப்பாவைக் கணவர் பக்கம் நகர்த்தினார். அவர் மறுத்துவிட்டார்.

"இனிமே எதை நம்பி அனுப்பறது? அனுப்பினாலும் அதே பதில்தானே வரப்போகுது?"

அந்த வாதத்துக்கு விடை இருக்கும் இடத்தைத் தேடிப் போவதென்று அக்கா முடிவு செய்தார்.

அப்போது நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு அந்தத் திட்டத்தைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தது. "குறை இல்லை" என்று செய்தி பெற்றவர்களில் சிலர், பின்னர் நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வந்ததே காரணம். பொதுமக்களும் வந்து சொல்லலாம் என்று குழு அறிவித்திருந்தது. அக்கா தொலைபேசியில் விவரம் சொன்னார். தம்பதியர் இருவருக்கும் அழைப்பு வந்தது.

"டிவியில காட்டுவாங்களே" என்று கணவர் பின்வாங்கினார்.

"பேசறது நான். நீங்க பின்னாடி உட்கார்ந்து முகத்தை மட்டும் காட்டுங்க, போதும்."

நாடாளுமன்ற வாயிலில் காவலர் கைப்பையைச் சோதித்தார். "இதுல என்னம்மா?"

"என் வீட்டுக்காரரோடது."

"அவரோட என்னது?"

"அது இல்லைங்கறதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

காவலர் டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு இரண்டே விரல்களால் அதைப் பைக்குள் தள்ளினார்.

விசாரணைக் கூடத்தில் குளிர்சாதனம் நடுக்கியது. வளைந்த மேசையைச் சுற்றி உறுப்பினர்களும், நடுவில் குழுத் தலைவரான பெண்மணியும் அமர்ந்திருந்தார்கள். திட்ட இயக்குநர் சாட்சியம் அளித்துக்கொண்டிருந்தார். தபால் தாமதம், மாதிரியைச் சரியாக எடுக்கத் தெரியாத மக்கள் என்று பல காரணங்கள் சொன்னார். அடுத்து அக்காவை அழைத்தார்கள். அவர் பேசத் தொடங்கியதும் ஒலிபெருக்கிக்காரர் விரைந்து ஒலியைக் குறைத்தார், பிறகு அணைத்தேவிட்டார். நடந்ததைச் சொல்லி முடித்து, அக்கா டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அருகிலிருந்த உறுப்பினர்கள் இருவரின் நாற்காலிகள் தாமாகப் பின்னே நகர்ந்தன.

"பயப்படாதீங்க. காலி டப்பாதான். காலியா இருக்கறதுதான் பிரச்சினையே."

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினார். "இதுக்கு எப்படி முடிவு போச்சு?"

இயக்குநர் பின்வரிசையிலிருந்த கணினிப் பொறியாளரிடம் குனிந்து பேசினார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "குறிப்பிட்ட நாளுக்குள்ள முடிவுக்கான கட்டம் நிரம்பலைன்னா, குறை இல்லைன்னு கணினி எடுத்துக்குது, மேடம்."

"அனுப்பின டப்பா வழியில தொலைஞ்சுபோனவங்களுக்கு?"

"அவங்களுக்கும் இதே செய்திதான் போயிருக்கும்."

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் அப்புறமாவது அனுப்பினாரா?"

"பின்னாடிதான் இருக்கார். நீங்களே கேளுங்க, மேடம்."

எல்லாத் தலைகளும் திரும்பின, தொலைக்காட்சிக் கேமராவும் திரும்பியது. புதுச் சட்டை அணிந்திருந்த டயர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். "பதில் உண்மையா வரும்னா நாளைக்கே அனுப்பறேங்க."

தலைவர் இயக்குநரைப் பார்த்தார். "வருமா?"

"வரும், மேடம்."

இரு தரப்பு வாக்குறுதிகளும் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறின.

அரசு தன் வாக்கை முதலில் காப்பாற்றியது. பழைய செய்திகள் யாவும் செல்லாது என்று அறிவித்தது. அனைவருக்கும் புதிய டப்பாக்களை அனுப்பியது. யாருடைய டப்பா ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லையோ அவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கத் தனியே ஆட்களை அமர்த்தியது. டயர்க்கடைக்காரருடைய "நாளை" மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. ஒருநாள் கடையில் கையெல்லாம் கிரீஸாக இருந்தபோது கைப்பேசி அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க மல மாதிரி எங்களுக்கு இன்னும் வரலை."

"அனுப்பறேம்மா. கொஞ்சம் மெதுவா பேசு."

"ஸ்பீக்கர்ல இருக்கேனா, சார்?"

"நாங்க எல்லாருமே கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்மா. நீ பேசு" என்றார் முடிதிருத்தகக்காரர்.

மறுநாள் காலையில் டப்பா தயாராக இருந்தது. அக்கா தம் கையாலேயே அதைத் தபாலில் சேர்த்தார்.

இம்முறை செய்தி வரவில்லை; மருத்துவரே அழைத்தார். இரத்தம் கலந்திருந்தது. கேமரா பொருத்திய குழாயை உட்செலுத்திப் பார்க்க நாள் குறித்தார்கள். அந்த நாள் வரையில் பேருந்துக் குழந்தைகள் அக்காவின் குரலைக் கேட்கவில்லை. வண்டியின் ஹாரன்தான் ஒலித்தது.

குடலில் இரண்டு சிறு கட்டிகள் இருந்தன. அப்போதே அகற்றி ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஆய்வு முடிவைக் கேட்கக் கணவர் அக்காவை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, தாம் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் புற்றுநோயா மாறலைம்மா. சில வருஷம் விட்டிருந்தா மாறியிருக்கலாம். இனி அப்பப்போ வந்து பார்த்துக்கிட்டாப் போதும்."

வெளியே காத்திருந்த கணவர் அக்காவின் முகத்தைப் பார்த்து எழுந்தார். "என்னவாம்?"

"பாஸ்" என்றார் அக்கா. அந்த ஒற்றைச் சொல் நடைகூடத்தின் மறுகோடி வரை கேட்டது. அமைதி காக்கும்படி சொல்ல வந்த செவிலியும் சிரித்துவிட்டுத் திரும்பினார்.

இப்போது டயர்க்கடைக்காரரின் வாயை மூடுவதுதான் பெரும்பாடு. காற்றடிக்க வருபவர்களிடமும் டப்பா அனுப்பியாயிற்றா என்று கேட்கிறார். முடிதிருத்தகக்காரர் அனுப்பிவிட்டார், கேள்வியிலிருந்து தப்பிக்கவே அனுப்பியதாகச் சொல்கிறார். விசாரணை முடிந்ததும் குழு அலுவலகத்தார் அக்காவை அழைத்து, சாட்சியப் பொருளாக வைத்திருந்த டப்பாவைத் திரும்பப் பெற விருப்பமா என்று கேட்டார்கள்.

"அங்கேயே இருக்கட்டும்" என்றார் அக்கா. "இங்க வந்தா மறுபடியும் ஹெல்மெட்டுக்குள்ளதான் போகும்."