பொன்னுத்தாயின் கையும் நிதி அமைச்சகமும்

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்கிற கேள்விகளைப் பெரும்பாலும் எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து யாரோ ஒருவர் எழுதிக் கொடுக்கிறார்; விருதுநகரில் அந்த யாரோ நான்தான்.

இதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பதினாறு வருஷம் புரூஃப் பார்த்தேன். ராகுகாலம் தப்பாக அச்சாகிவிடக் கூடாதே என்று கண் நோகப் பார்த்த வேலை. அப்போதுதான் எங்கள் ஊர் கணக்கு டீச்சர் ஒருவர் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். பதவி வந்த பிறகும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பிழையில்லாமல் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்.

ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்காகத் தபால்காரர் வரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் சொந்தக்காரர்கள். இது, நிதி அமைச்சகத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்ட கதை.

மை ஒட்டியது

பொன்னுத்தாய்க்கு ஊர் எம். புதுப்பட்டி. ஐம்பதைத் தாண்டியவர். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறையில் நடந்த விபத்தில் இரண்டு கையும் வெந்துபோய், தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. அவற்றைப் பிரிக்க மதுரை ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். சிகிச்சை இலவசம். ஆனால் கூட ஓர் ஆள் போய் இரண்டு வாரம் தங்க வேண்டும். அதற்கான பணம் அவருடைய பெயரிலேயே வங்கியில் இருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்; கைரேகை வைத்துத்தான் எடுப்பார். இயந்திரமோ விபத்துக்கு முந்தைய கையைத் தேடியது. ஒவ்வொரு தடவையும் பொருந்தவில்லை என்றது. நாளைக்கு வந்து பாருங்க, நாளைக்கு வந்து பாருங்க என்று சொல்லிச் சொல்லி ஏழு மாதம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் அவரை எங்கள் அலுவலகத்துக்குக் கூட்டி வந்த தங்கச்சி மாரியம்மாதான் சொன்னார். நான் மனுவாக எழுதினேன். எழுதி முடித்ததும், பதினாறு வருஷம் பிழை திருத்திய புத்திசாலி என்ன செய்தேன் தெரியுமா? மைப் பெட்டியைத் திறந்து, இங்கே பெருவிரல் வையுங்கள் என்று பொன்னுத்தாய் முன்னால் தள்ளினேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, விரலை மையில் தொட்டுத் தாளில் அழுத்தமாக வைத்து எடுத்தார். கோடே இல்லாமல் வழவழவென்று ஒரு நீல வட்டம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மை நல்லாத்தான் ஒட்டுது தாயி, ரேகைதான் வரமாட்டேங்கு."

வேன் வரும் நேரம்

அந்தக் கூட்டத்தொடரில் நிதி அமைச்சகத்திடம் கேட்க டீச்சருடைய நோட்டில் மூன்று விஷயங்கள் இருந்தன. பட்டாசுத் தொழிலாளிகளுக்கு வருஷத்தில் பாதி நாள் வேலை இல்லாதது ஒன்று. சிறிய ஆலைகள் மேல் விழுகிற வரி ஒன்று. பொன்னுத்தாய் மாதிரி ஆட்களுக்கு வங்கியில் என்ன பாதுகாப்பு என்பது மூன்றாவது. டீச்சருக்கு எதையும் நேரில் பார்த்தால்தான் எழுத மனசு வரும். விடிந்தும் விடியாமலும் என்னையும் கூட்டிக்கொண்டு புதுப்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் போய் நின்றார். அங்கேதான் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்.

தூக்குவாளியோடு நின்ற பெண்களிடம், வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று டீச்சர் கேட்டார். மழை பெய்தால் காயப்போட முடியாது, வேலை கிடையாது. வெயில் கடுத்தால் பயம், வேலை கிடையாது. இன்ஸ்பெக்ஷன் என்றால் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் கிடையாது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி அவர்களே சிரித்துக்கொண்டார்கள். மாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒதுங்கி நின்று வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்று டீச்சர் பக்கத்தில் போனார். வேனும் வந்துவிட்டது. ஏறப் போகிற அவசரத்தில் அவர் சொன்னதை டீச்சர் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்: "நான் வேலைக்குப் போனாத்தான் வீட்டுல சோறு, நான் வீட்டுல இருந்தாத்தான் அக்காவுக்கு ஊட்டிவிட முடியும், நான் ஒரு ஆளுதான டீச்சர்."

ஒரே பெஞ்சு

விதி என்னவென்றால், நேரில் அமைச்சர் எழுந்து பதில் சொல்கிற கேள்வி ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதிலும் ஒரு கேள்விக்குள் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். வேலைநாள் பற்றிய கேள்வியைத் தொழிலாளர் துறைக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பிக்கொள்ளலாம் என்று டீச்சர் முடிவு செய்தார். மிச்சம் வரியும் கையும். வரியைக் கேட்கச் சொன்னவர் சிறிய பட்டாசு ஆலை நடத்தும் ஓர் அண்ணாச்சி. சீசன் முடிந்து சரக்கு விற்றுப் பணம் திரும்புமுன்னே வரி கட்டவேண்டியிருக்கிறது, தாங்க முடியவில்லை என்று இரண்டு வருஷமாக நடையாய் நடந்தவர். முன்னுரிமையும் அவருக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை அவர் எங்கள் அலுவலகப் பெஞ்சில் காத்திருந்தார். அதே நேரம் பொன்னுத்தாயும் மாரியம்மாவோடு வந்து சேர்ந்தார். அண்ணாச்சி சட்டென்று எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. விபத்து நடந்தது அவருடைய ஆலையில். நஷ்டஈடு கட்டினார், ஆலை பூட்டப்பட்டு மறுபடி திறந்தது, எல்லாம் நடந்தது. ஆனால் விபத்து நடந்து மூன்று வருஷம் ஆகியும் ஒரு தடவைகூட அவர் இந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கப் போகவில்லை. போக முடியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். வாசல் வரைக்கும் இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறார்.

பொன்னுத்தாய் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார். உட்காரச் சொன்னார். வீட்டில் மதினிக்கு முழங்கால் வலி தேவலையா என்று விசாரித்தார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். நான் இரண்டு பேருக்கும் டீ கொடுத்தேன். பொன்னுத்தாயின் டம்ளரை மாரியம்மா பிடிப்பதற்குள் அண்ணாச்சி கை நீட்டி வாங்கி, ஊதி ஆற்றி, அவர் உதட்டருகே பிடித்தார். அந்த அம்மாவும் மறுக்காமல் குடித்தார். நான் மேசையில் குனிந்து எழுதுகிற மாதிரி இருந்தேன். கிளம்பும்போது அண்ணாச்சி என்னருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் வரி எங்கயும் ஓடிப் போயிராது தாயி, அவுக கேள்வியையே போடுங்க."

பெயரை அடித்தது

கேள்வியில் யாருடைய பெயரும் வரக் கூடாது. வாதம் கூடாது, அடைமொழி கூடாது, கிண்டல் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொன்னுத்தாய் என்றும் புதுப்பட்டி என்றும் 'கருகிய கைகள்' என்றும் எழுதிவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. டெல்லியிலிருந்து போன் வந்தது. அங்கே கேள்விகளைச் சரிபார்க்கும் பிரிவில் கரூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பொறுமையாக ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே வந்தேன். பொன்னுத்தாய் போனார். ஊர் போயிற்று. 'கருகிய' போயிற்று. கடைசியில், விபத்தில் கைரேகை சிதைந்த தொழிலாளர்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்த மாற்று வழி உண்டா, உண்டென்றால் விவரம் என்ன, இல்லையென்றால் காரணம் என்ன என்பதை நிதி அமைச்சர் தெரிவிப்பாரா என்று ஒரு எலும்புக்கூடு மிஞ்சியது.

காலண்டர் கம்பெனியில் ஒரு எழுத்தை அடித்தால் திருப்தியாக இருக்கும். இதில், பேர் கட்டாயம் போகணுமா என்று மறுபடியும் கேட்டேன். அந்த அம்மாவுக்கு இன்னும் வலி இருக்கிறதா என்று அவர் கேட்டார். ராத்திரியில் அரிக்கிறது என்கிறார் என்றேன். அவர் மிச்சம் இருப்பதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "பேரை எடுத்துட்டோம்னு நெனைக்காதீங்க மேடம், பேர் இல்லாம போனாத்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பதில் வரும்."

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால்

எந்தக் கேள்வி அவைக்கு வரும் என்று டெல்லியில் குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்கள்; அந்தக் குலுக்கலில் எங்கள் கேள்வி விழுந்துவிட்டது. ஆனால் பட்டியலில் கடைசிப் பக்கம். கேள்வி நேரம் மத்தியானம் ஒரு மணிக்கு முடியும். அதற்குள் முறை வராவிட்டால் அச்சிட்ட பதிலோடு சரி. அன்றைக்கு நல்ல மழை, ஆனைக்குட்டம் அணைப் பக்கமெல்லாம் ஒரே இருட்டு. வேலை இல்லை என்பதால் மாரியம்மாவும் அக்காவோடு வந்திருந்தார். அண்ணாச்சி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். எல்லோரும் அலுவலகத்தில் டி.வி. முன்னால்.

யாரோ வரியைப் பற்றிக் கேட்டார், யாரோ வேலையைப் பற்றிக் கேட்டார், பதில்கள் நீண்டுகொண்டே போயின. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீச்சரின் பெயரைக் கூப்பிட்டார்கள். இணை அமைச்சர் எழுந்தார். ரேகை பொருந்தாதவர்களுக்குக் கண்ணை வைத்தோ வேறு வகையிலோ பணம் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ஏற்கெனவே அறிவுறுத்தல் இருக்கிறது என்றார். ஏழு மாதமாக அந்த அம்மா நடந்த வழியில்தான் அந்த அறிவுறுத்தலும் எங்கோ இருந்திருக்கிறது.

டீச்சர் துணைக்கேள்வியைத் தமிழில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கேட்பதுபோல, அந்த அறிவுறுத்தலை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். எல்லாக் கிளைகளுக்கும் மறுபடி நினைவூட்டுவதாக அமைச்சர் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பொன்னுத்தாய்க்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் டி.வி.யிலிருந்து பார்வையை எடுக்காமல் என்னிடம் கேட்டார்: "அங்கன இருக்குற அம்புட்டுப் பேரும் ஒரு நிமிசமாவது என் கையப் பத்தி நெனச்சிருப்பாகளா தாயி?"

பிரிக்காத பெட்டி

மதுரைத் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அமைச்சர் நினைவூட்டும் வரை காத்திருக்க நேரமில்லை. அவையில் வைத்த பதிலைப் பிரதி எடுத்துக்கொண்டு நானே பொன்னுத்தாயையும் மாரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கிளை மேலாளர் ஒடிசாவிலிருந்து வந்த இளம்பெண். வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினார். தாளை இரண்டு தடவை படித்தார். நாற்காலியை விட்டு எழுந்து வந்து பொன்னுத்தாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மன்னிக்கணும் அம்மா என்றார். பிறகு இரும்பு அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில் கண்ணைப் படம்பிடிக்கும் கருவி பிரிக்காத பெட்டியிலேயே இருந்தது. தூசியைத் தட்டி, குறிப்பைப் படித்துப் பார்த்து, வயரை மாட்டுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

முதல் தடவை நெட்வொர்க் இல்லை. இரண்டாவது தடவை பொன்னுத்தாய் கண்ணைச் சிமிட்டிவிட்டார். மூன்றாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது. கவுன்டரில் நின்ற ஜனம் என்ன ஏதென்று தெரியாமலே சந்தோஷப்பட்டது. மாரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். மேலாளருக்கு ஒரு சந்தேகம். தாடை வரைக்கும் தழும்பு இருக்கிறதே, கண் மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். பொன்னுத்தாய் இது என்ன கேள்வி என்பதுபோல எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்: "அன்னிக்கு நெருப்பு வரவும் ரெண்டு கையையும் விரிச்சுக் கண்ணத்தான மறைச்சேன்."

இப்போது விரல்கள் பிரிந்து பொன்னுத்தாய் தானே பிசைந்து சாப்பிடுகிறார், மாரியம்மா நிம்மதியாக வேன் ஏறுகிறார், அண்ணாச்சியின் வரிக் கேள்வி மட்டும் மூன்று கூட்டத்தொடராகக் குலுக்கலில் விழாமல், நிதி அமைச்சர் தெரிவிப்பாரா என்று என் மேசையையே கேட்டுக்கொண்டு கிடக்கிறது.